பெரிய டிரான்ஸ்போமர் எரிஞ்சா ஆரு கட்டித் தாற?

போன மாசம் எங்கட ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்திச்சு. ஒரு அக்கா மூச்சு வாங்க வாங்கப் பேசுறா, சூரியப் புயல் ஒண்டு வருதாம், மூண்டு நாளைக்கு உலகம் முழுக்க இருட்டாம், கரண்டும் இல்லையாம் போனும் இல்லையாம், மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் வாங்கி வைக்கட்டாம், இதை இருவது பேருக்கு அனுப்பட்டாம். அடுத்த நாள் நான் கடையத் திறக்க முன்னமே ரெண்டு பேர் வாசல்ல நிக்கிறாங்க, தண்ணி மோட்டர எப்ப கட்டித் தருவீங்க, இருட்டு வர முன்னம் டேங்கை நிரப்பணும் எண்டு. அது பொய் எண்டு சொல்லி அனுப்பினன். மத்தியானம் சாப்பிட வீட்ட போனா அம்மாவும் அதையேதான் கேட்டா. "அப்ப என்ட இன்சுலினை எங்க மனே வைக்கிற?"

மெசேஜ் பொய்தான், மூண்டு நாள் இருட்டு எண்டு நாள் குறிச்சுச் சொல்ல ஆராலயும் ஏலாது. ஆனா அம்மாட கேள்விக்கு என்னட்ட பதில் இருக்கல்ல. அண்டு ராவு முழுக்க அதுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. அதுக்குப் பொறகு ஒரு மாசமா கடை பூட்டினாப் பிறகு வாசிச்சது, கேட்டறிஞ்சது, யோசிச்சது எல்லாத்தையும் இங்க எழுதுறன், கொஞ்சம் நீளம், ஆறுதலா வாசிங்க.

நான் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில மோட்டர் வைண்டிங் கடை வச்சிருக்கன், 27 வருசம். தண்ணி மோட்டர், அரைக்கிற மில் மோட்டர், ஐஸ் பெக்டரி மோட்டர், கோயில் மைக்செட் டிரான்ஸ்போமர் எல்லாம் கட்டுவன். தொழில் பழகினது காத்தான்குடியில ஒரு காக்காட்ட, முஸ்லிம் அண்ணன்மாரை அப்பிடித்தான் கூப்பிடுற. செம்புக் கம்பியையும் இரும்புத் தகட்டையும் தவிர எனக்குப் பெரிசா ஒண்டும் தெரியா, ஆனா இந்த விசயத்தைத் தோண்டத் தோண்ட அது கடைசியா வந்து நிக்கிற இடம் செம்புக் கம்பியும் இரும்புத் தகடும்தான், அதாலதான் எழுதத் துணிவு வந்தது.

சூரியப் புயல் எண்டா சூரியன் கக்குற மின்துகள் வந்து பூமிட காந்தப் புலத்துல மோதுறது. அதே மாதிரி அடியை உயரத்துல வெடிக்கிற அணுகுண்டாலயும் அடிக்க ஏலும், அதால முதல்ல குண்டுக் கதை. 1962 யூலையில அமெரிக்கா பசிபிக் கடலுக்கு நடுவுல ஜோன்ஸ்டன் தீவுக்கு மேல ஒரு அணுகுண்டை 400 கிலோமீட்டர் உயரத்துல வெடிக்க வச்சது, ஸ்டார்பிஷ் பிரைம் எண்டு பேர், 1.4 மெகாதொன். ஹவாய் அங்க இருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல தூரம். அங்க ராவு 11 மணி. சத்தமும் இல்ல காத்தும் இல்ல, வானம் சிவந்திச்சு, ஹொனலுலுவில முந்நூறு தெரு லைட் போல அணைஞ்சுபோச்சு, கள்ளன் அலாரம் எல்லாம் தானா அடிச்சிச்சு, பக்கத்துத் தீவுக்குப் போற டெலிபோன் தொடர்பு அறுந்துச்சு. 1,400 கிலோமீட்டர் எண்டா எவ்வளவு எண்டு மெப்பில அளந்து பாத்தன், மட்டக்களப்புல இருந்து நாக்பூர் வரைக்கும் போற தூரம் கிட்டத்தட்ட. அந்தக் குண்டு ஹவாயைக் குறிவச்சது இல்ல, இதை மறக்கக் கூடாது.

அதே வருசம் ஒக்டோபர் 22, சோவியத் யூனியன் கசகஸ்தானுக்கு மேல 290 கிலோமீட்டர் உயரத்துல 300 கிலோதொன் குண்டு ஒண்டு வெடிச்சது. அமெரிக்கக் குண்டில கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்குதான், ஆனா இது கடலுக்கு மேல இல்ல, ஊருக்கு மேல. 570 கிலோமீட்டர் டெலிபோன் லைன்ல பியூஸ் எல்லாம் பறந்திச்சு, மண்ணுக்குள்ள தாட்டு வச்சிருந்த 1,000 கிலோமீட்டர் கரண்ட் கேபிள் நிண்டுபோச்சு, கரகண்டா மின் நிலையத்துல தீயும் பிடிச்சிச்சு எண்டு பிறகு வெளிய வந்திச்சு. தாட்டு வச்ச கேபிளுக்கு வானத்துல வெடிச்சது என்ன செய்யும் எண்டு எனக்கு முதல்ல விளங்கல்ல, ரெண்டு நாள் அதுலயே நிண்டன். அடுத்த வருசமே வளிமண்டலத்துலயும் விண்வெளியிலயும் அணுகுண்டு வெடிச்சுப் பாக்கிறதில்ல எண்டு வல்லரசுகள் ஒப்பந்தம் போட்டுட்டாங்க, அதால இண்டைக்கும் எல்லாரும் பேசுறது அந்த ஒண்டு ரெண்டு வருசத்துக் கணக்கை வச்சுத்தான்.

விளங்கினதை என்ட மொழியில சொல்லுறன். அவ்வளவு உயரத்துல வெடிச்சா காமாக் கதிர் கீழ வந்து 20, 40 கிலோமீட்டர் உயரத்துல காத்துல மோதுது, மோதி எலெக்ட்ரோனைத் தட்டி விடுது, அந்த எலெக்ட்ரோன் எல்லாம் பூமிட காந்தப் புலத்துல சுத்திக் கிறுகுது. கிறுகுற எலெக்ட்ரோன் எண்டா அது ரேடியோ அலைதான், ஒரு நாட்டளவு பெரிய அன்டெனா வானத்துல ஒரே நேரத்துல அடிச்ச மாதிரி. முதல் அடி ஒரு செக்கனை நூறு கோடியாப் பிரிச்சா அதுல ஒரு சில துண்டுக்குள்ள ஏறிடும், மீட்டருக்கு 50,000 வோல்ட் வரைக்கும் எண்டு கணக்கு வச்சிருக்காங்க. இந்த அடி பெரிய டிரான்ஸ்போமருக்கு அவ்வளவு இல்ல, ஐசி, சிப்பு, ரிலே எண்ட காவல் சுவிட்ச், இன்வேட்டர், போன் டவருக்குள்ள இருக்கிற போர்ட் இதுகளுக்குத்தான். மின்னலுக்கு வைக்கிற சாதாரண தடுப்பு முழிக்க முன்னமே இது வந்து போயிடும். ரெண்டாவது அடி மின்னல் மாதிரி, அதுக்குக் காவல் இருக்கு, முதல் அடியில அந்தக் காவல் சாகாட்டி. மூண்டாவது அடிதான் மெதுவா வாற, செக்கன் கணக்கா நிமிசக் கணக்கா நிண்டு பூமிட காந்தப் புலத்தையே ஆட்டுற அடி. தாட்டு வச்ச கேபிளைப் பிடிச்சது அதுதான், அது மண்ணுக்குள்ளயும் போகும். சூரியப் புயலும் செய்யிறது இந்த மூண்டாவது வேலையைத்தான், அதுக்குக் குண்டு தேவையில்ல. முதல் அடி சூரியன்ல இருந்து வராது, அதால சூரியப் புயலுக்கு உங்கட போன் எரியப் போறதில்ல.

மூண்டாவது அடியை எனக்கு விளங்க வச்சது புத்தகம் இல்ல, என்ட கடையில நடந்த ஒரு விசயம்.

பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முதல் கடையில வேலை பழகின பொடியன் ஒருத்தன், அம்பிளிபையர் டிரான்ஸ்போமர் ஒண்டுட கொயில் அறுந்திருக்கோ எண்டு பாக்க, மீட்டர் கிட்ட இல்ல எண்டு கார் பட்டரி 12 வோல்ட்டைக் கொழுவி விட்டுட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான். 230 வோல்ட் தாங்குற கொயிலுக்கு 12 வோல்ட் என்ன செய்யும் எண்டு நினைச்சிருக்கான். நான் வந்து பாக்கக்குள்ள வார்னிஷ் மணம் கடை முழுக்க, கையை வைக்க ஏலாத சூடு. நான் ஏசல்ல, ஏன் எண்டா எனக்கும் அதே பிழையைக் காக்காட கடையில செய்து பிடிபட்ட ஞாபகம், அண்டைக்குக் காக்கா சொன்னதையே அவனுக்கும் சொன்னன். "தம்பி, டிரான்ஸ்போமர் போய்ப் போய் வாற கரண்டுக்குப் பிறந்தது. போனா திரும்பி வராத கரண்டக் குடுத்தா அதுக்கு என்ன செய்யிற எண்டு தெரியா, வெந்து சாகும்."

வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 தரம் அங்கயும் இங்கயும் போய் வருது. அந்த ஆட்டத்துலதான் இரும்புக் கோர் காந்தம் பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, அடுத்த கொயிலுக்குக் கரண்டைக் கடத்துது. இரும்பு குடிக்கிற காந்தத்துக்கு ஒரு அளவு இருக்கு, நனைஞ்ச சாக்கு மாதிரி, அதுக்கு மேல ஊத்தினா வழியத்தான் செய்யும். சூரியப் புயல் பூமிட காந்தத்தை ஆட்டக்குள்ள நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளமான லைன்ல கிலோமீட்டருக்கு ஒரு சில வோல்ட் ஏறும். கேக்கச் சின்னன், ஆனா அது பட்டரிக் கரண்ட் மாதிரி ஒரு பக்கமாவே நிண்டு போற கரண்ட், பெரிய டிரான்ஸ்போமர்ட நியூட்ரலை, கொயில் எல்லாம் சேர்ற நடுப் புள்ளியை, மண்ணோட கட்டி வச்சிருக்கிற வழியால உள்ள ஏறிடும். ஏறினா கோர் ஒரு பக்கத்துக்கு நிரம்பிப் போகும், வழியிற காந்தம் டேங்குச் சுவரையும் நட்டு போல்ட்டையும் சூடாக்கும், டிரான்ஸ்போமர் உறுமும், லைன்ல வோல்டேஜ் இறங்கும், ரிலே எல்லாம் பயந்து ஒவ்வொண்டா வெட்டும். பொடியன் 12 வோல்ட்டால செய்த வேலையைச் சூரியன் ஒரு மாகாணத்துக்கே செய்யிற.

செய்தும் இருக்கு. 1989 மார்ச் 13 விடியப்புறம், கனடாவுல கியூபெக். ஒண்டரை நிமிசம், தொண்ணூறு செக்கன், முழு மாகாணத்துட மின்சாரமும் விழுந்திச்சு. அறுபது லட்சம் சனம், ஒன்பது மணித்தியாலம், அந்தக் குளிருக்குள்ள. கியூபெக் விழுந்ததுக்கு ரெண்டு காரணம் சொல்லுறாங்க, ஒண்டு வடக்குல இருந்து வாற லைன் எல்லாம் சரியான நீளம், மற்றது நிலம் முழுக்கப் பழைய கரும்பாறை, கரண்ட் மண்ணுக்குள்ளால ஓட வழி இல்லாம லைனைத் தேடி ஏறிச்சு. அதே நாள் அமெரிக்காவுல நியூ ஜெர்சி சேலம் அணுமின் நிலையத்துல ஒரு பெரிய டிரான்ஸ்போமர் சூட்டுல கெட்டுப்போச்சு. அதைத் திறந்து எடுத்த படம் ஒண்டைப் பாத்தன். கைத்தடிப்பு செம்புப் பட்டை உருகி வழிஞ்சு, பேப்பர் இன்சுலேசன் கரியாகி, நாங்க வாய்க்குள்ள ஒரு சத்தம் வைப்பமே, அப்பிடி வந்திச்சு எனக்கு. எரிஞ்ச மோட்டர் ஆயிரம் பாத்தவன் நான். அவிழ்த்துக் கம்பி நிறுத்துப் புதுக் கம்பி சுத்தி ரெண்டு நாள்ல குடுத்திடுவன். இதை ஆரு சுத்துற?

அங்கதான் என்ட பயம் இருக்கு, அதை ஒளிக்கல்ல. தெருவில போஸ்ட்ல தொங்குற டிரான்ஸ்போமர் எங்கட நாட்டுக்குள்ளயே செய்யிறாங்க, நல்லாவும் செய்யிறாங்க. ஆனா பெரிய கிரிட்டுகள்ல, அதாவது பெரிய லைன் எல்லாம் வந்து சேர்ற உப நிலையங்கள்ல, இருக்கிறது கடையில அடுக்கி வச்சிருக்கிற சாமான் இல்ல, ஒவ்வொண்டும் ஓடருக்குச் செய்யிற சாமான். உலகம் முழுக்க அதைச் செய்யிற பெக்டரி எண்ணிக்கை குறைவு, ஓடர் குடுத்தா வருசக் கணக்குல காத்திருக்கணும், இப்ப இன்னும் கூட, எல்லா நாடும் கேக்குது. வந்தாலும் பல பத்துத் தொன் நிறை, கொழும்புத் துறைமுகத்துல இறக்கி, பல சில்லு லோரியில ஏத்தி, பாலம் தாங்குமோ தாங்காதோ எண்டு ஒவ்வொண்டாப் பாத்து, மலை இறக்கி, இங்க கொண்டு வரணும். உலகத்துல ஒரே நாள்ல நூறு டிரான்ஸ்போமர் எரிஞ்சா ஆருக்கு முதல்ல செய்து குடுப்பாங்க? எங்கட மாவட்டத்து வாகரைக்கா?

இப்ப எங்கட பக்கத்துக்கு வாறன். நியாயத்தையும் சொல்லணும். சூரியப் புயல்ல முதல் அடி வாங்குறது துருவத்துக்குக் கிட்ட இருக்கிற நாடுகள். நாங்க காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கம், அந்தக் கோடு தென்னிந்தியாட கடைசி முனைக்குக் கிட்டவா போகுது, அதுக்காகத்தான் இந்தியா 1963ல முதல் ரொக்கெட்ட கேரளாவுல தும்பாவில இருந்து விட்டது. எங்கட லைனும் கியூபெக் அளவு நீளம் இல்ல. அதால கியூபெக் மாதிரி இங்க நடக்கும் எண்டு சொன்னா அது பொய். ஆனா முழுசாத் தப்பினம் எண்டும் இல்ல. பகல்ல எங்கட தலைக்கு மேல நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்துல கிழக்கு மேற்கா ஒரு மின்னோட்டம் ஓடுது, காந்த நடுக்கோட்டுக்கு மேலயேதான், புயல் வந்து மோதுற அந்த முதல் நிமிசத்துல அது சடார் எண்டு துள்ளும். மற்றது பாறை. குடும்பிமலைப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், இலங்கையில பத்துல ஒன்பது பங்கு கியூபெக் மாதிரியே வயசு போன கரும்பாறைதான்.

குண்டுக்கு இந்த நியாயம் எல்லாம் இல்ல. 400 கிலோமீட்டர் உயரத்துல வெடிச்சா அதுட பார்வை எல்லாப் பக்கமும் 2,200 கிலோமீட்டர் வரைக்கும் படும். வடக்கு அரைக்கோளத்துல முதல் அடி கூடப் படுறது வெடிச்ச இடத்துக்கு நேர கீழ இல்ல, அதுக்குத் தெற்கால. எங்களுக்கு வடக்கால அணுகுண்டு வச்சிருக்கிற ரெண்டு நாடு பக்கத்துப் பக்கத்துல இருக்கு. வடகொரியா 2017 செப்டம்பர்ல வெளிப்படையாவே சொன்னது, எங்கட குண்டை உயரத்துல வெடிச்சு மின்காந்த அடி அடிக்கவும் ஏலும் எண்டு. கடல் நடுவுல வெடிச்சதுக்கு ஹவாய் தெரு லைட் அணைஞ்ச மாதிரி, ஆரோ ஆருக்கோ அடிக்கிற அடி வாழைச்சேனை ஐஸ் பெக்டரிட கொன்ட்ரோல் போர்ட்டையும் எரிக்கலாம்.

இதுல எவ்வளவு பயப்படணும் எண்டு அறிஞ்சவங்களுக்குள்ளயே சண்டை. அமெரிக்கப் பாராளுமன்றம் 2001ல இதுக்கெண்டே ஒரு ஆணைக்குழு போட்டது, 2004லயும் 2008லயும் அறிக்கை வந்திச்சு, தண்ணி, சாப்பாடு, பேங்க், எல்லாம் ஒண்டுல ஒண்டு தொங்கிட்டு இருக்கு, கரண்ட் விழுந்தா எல்லாம் விழும் எண்டு. மின்சாரக் கம்பனிகள்ட ஆராய்ச்சி நிறுவனம் எப்ரி 2019ல தாங்களும் பாத்து, அப்பிடி நாடு முழுக்க வருசக் கணக்குல இருளாது, ஒரு சில மாநிலம் சேர்ந்து விழலாம், எரியிற டிரான்ஸ்போமர் எண்ணிக்கை கொஞ்சமாத்தான் இருக்கும் எண்டு சொன்னது. பத்துல ஒன்பது பேர் ஒரு வருசத்துல செத்திடுவாங்க எண்டு வாட்ஸ்அப்ல வாற கணக்கை நான் எடுக்கல்ல, நீங்களும் எடுக்காதீங்க, அதுக்குச் சரியான அத்திவாரம் இல்ல. ஆனா எப்ரி சொல்லுற குறைஞ்ச கணக்கே அமெரிக்காட கணக்கு. ஒரு பக்கம் விழுந்தா பக்கத்து மாநிலம் வந்து கை குடுக்கும் எண்ட நம்பிக்கையில போட்ட கணக்கு. எங்களுக்குப் பக்கத்து மாநிலம் எது? இந்தியாவோட கடலுக்கடியால கேபிள் போடுற கதை வருசக்கணக்கா கதையாத்தான் இருக்கு, நாங்க தனித் தீவு, எங்கட கிரிட்டும், அதாவது நாடு முழுக்க ஓடுற மின் வலையும், தனித் தீவு.

அது எவ்வளவு மெல்லிசு எண்டு பாக்கக் குண்டு தேவைப்படல்ல. 2016 மார்ச் 13, கியூபெக் விழுந்த அதே திகதி, நாடு முழுக்கக் கரண்ட் போச்சு, பியகம உப நிலையத்துல டிரான்ஸ்போமர் வெடிச்சு. 2020 ஓகஸ்ட் 17 கெரவலப்பிட்டியில தொடங்கின கோளாறுல திரும்பவும் நாடு முழுக்க. பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணி கழிச்சு, பாணந்துறையில ஒரு குரங்கு டிரான்ஸ்போமர்ல பட்டதாலயாம் எண்டு அமைச்சரே சொன்னார். உலகம் முழுக்கச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல்ல. ஒரு இடத்துல பட்ட அடி எங்கட கிழக்குக் கரையில வெருகல்ல இருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு நிமிசத்துக்குள்ள வந்து சேர்ந்த எண்டா அந்த நூல் எவ்வளவு மெல்லிசா இருக்கணும்? அண்டைக்கு நல்ல வெயில், கூரைச் சோலார் நிறைய ஓடிட்டு இருந்திச்சு, ஞாயிறு எண்டு பாவனை குறைவு, அதால பாரமான சுத்துற மெசின் கிரிட்ல குறைவு. பாரமான சில்லு சுத்திட்டு இருந்தா ஒரு அடி பட்டாலும் உடன நிக்காது, அந்த இழுவைதான் கிரிட்டுட உயிர். அது குறைஞ்சிருந்த நேரம் பாத்து அடி விழுந்திச்சு. நுரைச்சோலை அனல் மின் நிலையம் விழுந்தா திரும்ப எழும்ப நாள் கணக்கு, அந்த நிலக்கரி மெசினுக்குத் தன்னைத் தானே தொடங்க ஏலாது, வெளியில இருந்து கரண்ட் குடுக்கணும். அந்தக் கிழமையில நேரம் போட்டு வெட்டினது ஞாபகம் இருக்கும்.

அண்டைக்கு எங்கட ஒழுங்கையில ஒரு வாத்தியார் வீட்டுக்காரர், கூரை நிறைய சோலார் போட்டவர், ஓடி வாறார். "தம்பி, ஊர் எல்லாம் இருட்டானாலும் எனக்கு ஓடும் எண்டுதானே காசு குடுத்துப் போட்ட, வெயில் கொளுத்துது, பேன் சுத்துதில்ல." பாவம், வித்தவங்க அவருக்கு விளங்கப்படுத்தல்ல. கிரிட்டோட கட்டின இன்வேட்டர் கிரிட் செத்தா தானும் நிண்டிடணும், அப்பிடித்தான் செய்து வச்சிருக்காங்க, லைன்ல ஏறி வேலை செய்யிற மனிசனுக்குக் கரண்ட் அடிக்காம இருக்க. பட்டரியும் அதுக்கேத்த இன்வேட்டரும் இருந்தாத்தான் தனிய ஓடும். உங்கட வீட்டிலயும் சோலார் இருந்தா இதை ஒருக்காக் கேட்டு அறிஞ்சு வைங்க.

எங்கட மாவட்டத்துக்கு வாற பெரிய கரண்ட் மலைநாட்டுப் பக்கம் ரந்தெம்பை, மஹியங்கனை வழியா 132 கிலோவோல்ட்ல வருது, அம்பாறைக் கிரிட், வவுணதீவுக் கிரிட். வடக்கால ஹபரணைப் பக்கம் இருந்து வாழைச்சேனைக்கு ஒண்டு. விரல் விட்டு எண்ணலாம். வவுணதீவுப் பக்கம் மோட்டர் பூட்டப் போற நேரம் எல்லாம் அந்தக் கம்பி வேலிக்கு வெளியால நிண்டு பாப்பன், முந்தி வெறும் இரும்பாத் தெரிஞ்சது. இப்ப அதைப் பாக்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மனிசரைப் பாக்கிற மாதிரி இருக்கு.

இருட்டு எங்களுக்குப் புதுசு இல்ல, அதையும் சொல்லணும். 1978 நவம்பர் 23 ராவு சூறாவளி அடிக்கக்குள்ள எனக்கு அஞ்சு வயசு, காத்துட சத்தம் மட்டும்தான் ஞாபகம், விடிய எழும்பிப் பாத்தா தென்னை எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடக்கு. போஸ்டும் அப்பிடித்தான். கரண்ட் திரும்பி வர மாசக் கணக்கு. பிறகு தொண்ணூறுகள், அதைப் பத்தி நான் எழுதி நீங்க அறியத் தேவையில்ல. வாவிக்கு மேற்கால படுவான்கரையில எத்தனையோ ஊருக்குக் கரண்டே யுத்தம் முடிஞ்ச பிறகுதான் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வச்சு ஒரு ஆள் பெடல் சுத்த டைனமோவில ரேடியோ கேட்டம், குப்பி விளக்குல ஓஎல் சோதனைக்குப் படிச்சம்.

அதைச் சொல்லித்தான் எல்லாரும் இப்ப தைரியம் சொல்லுறாங்க, நாங்க பாக்காத இருட்டா எண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. அண்டைக்கு வீட்டுக்கு வீடு கிணறு இருந்திச்சு, வாளியும் கயிறும் இருந்திச்சு. இப்ப உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பைப்ல வருது, நல்ல தண்ணி, அது வந்ததுல சந்தோசம், ஆனா அது வீட்டுக்கு ஏறி வாறது மோட்டராலதான். எங்கட ஒழுங்கையில 11 வீடு, ஒன்பது கிணத்துக்கு மேல கொங்கிரீட் போட்டு மூடியாச்சு, நான் எண்ணிப் பாத்தன். அண்டைக்கு நெல்லைக் குத்தத் தெரிஞ்ச கை இருந்திச்சு, இப்ப அம்பாறையில மில் நிண்டா வயல் முதலாளி போடியார்ட களஞ்சியத்துல நெல் மலையாக் குவிஞ்சிருக்க, நாங்க அரிசி இல்லாம இருப்பம். மீன் பிடிக்கிற ஆக்களுக்கு ஐஸ் வேணும், அதுக்கும் கரண்ட். டீசல் இருந்தாலும் பெற்றோல் செட்டுல பம்ப் அடிக்கக் கரண்ட் வேணும். போன் டவர் பட்டரி ஒரு சில மணித்தியாலம். டயலிசிஸ் செய்யிற ஒரு ஆளுக்கு ஒரு தரத்துக்கு நாலு மணித்தியாலக் கரண்டும் நூத்தி இருவது லீட்டர் சுத்தமான தண்ணியும் வேணும், கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம். அம்பாறைப் பக்கத்துல கிட்னி வருத்தக்காரர் எவ்வளவு பேர் எண்டு எல்லாருக்கும் தெரியும். 1978ல அந்த ஆக்கள் பிழைச்சிருக்கவே மாட்டாங்க, இப்ப மெசினால இருக்காங்க, பிள்ளையக் கட்டிக் குடுக்கிறாங்க, பேரப்பிள்ளையைத் தூக்குறாங்க. அந்த உயிரை எல்லாம் நாங்க ஒரு கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கம்.

போன கிழமை காக்காவைப் பாக்கப் போனன். எழுவது தாண்டிட்டு, கண் கொஞ்சம் குறைவு, கை இன்னும் கம்பியைத் தடவி எத்தினையாம் கேஜ் எண்டு சொல்லும். எல்லாத்தையும் சொன்னன். கேட்டுட்டு இருந்தார். "இங்கினியாகலையில ஒரு மெசின் இரிக்கி எலா தம்பி" எண்டார்.

இருக்கு. சேனாநாயக்க சமுத்திரத்துட அணைக்கட்டுக்குக் கீழ, கல்லோயாத் திட்டத்தோட வந்தது, 11 மெகாவாட் சொச்சம். நாட்டுக் கணக்குல அது ஒண்டுமே இல்ல. ஆனா தண்ணியால சுத்துற மெசின் நிலக்கரி மாதிரி இல்ல, சின்ன டீசல் ஜெனரேட்டர் ஒண்டும் பட்டரியும் இருந்தாத் தன்னைத் தானே எழுப்பிக்க ஏலும், நாடு இருண்டு திரும்ப எழும்பக்குள்ள முதல் மூச்சு விடுறது மலைநாட்டுத் தண்ணி மெசின்தான். காக்கா கேட்டது இதுதான், நாடு விழுந்தாலும் அந்த 11 மெகாவாட்டைத் தனிய வெட்டி எடுத்து, ஆஸ்பத்திரிக்கும், தண்ணிப் பம்புக்கும், ரெண்டு மூண்டு மில்லுக்கும், ஒரு ஐஸ் பெக்டரிக்கும் மட்டும் குடுக்க ஏலாதா? படிச்ச எஞ்சினியர்மார் சொல்லணும், லோட் கூடிக் குறையக்குள்ள பிரீக்குவன்சியைத் தாங்குறது, ரிலே செட்டிங் மாத்துறது, 33 கிலோவோல்ட் லைனைப் பிரிக்கிறது எண்டு அதுல எவ்வளவோ இருக்கு. ஆனா அதைக் காகிதத்துல எழுதி வச்சு, வருசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாக்கணும் எண்டு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. அதோட அந்தக் கொன்ட்ரோல் போர்ட்டுகளுக்கு ஒரு செட் ஸ்பெயார், இரும்புப் பெட்டிக்குள்ள, வயர் ஒண்டும் கொழுவாம. பெரிய டிரான்ஸ்போமர் ஒண்டை உபரியா வாங்கி வைக்கிறது எங்கட நாட்டுக்குக் கஷ்டம், விளங்குது. போர்ட் ஒண்டு வைக்கிறது அவ்வளவு கஷ்டம் இல்ல.

வீட்டில நான் செய்ததைச் சொல்லுறன், பெரிசா ஒண்டும் இல்ல. சின்ன ரேடியோ ஒண்டும் எல்ஈடி டோர்ச் ஒண்டும் பட்டரியக் கழட்டி, பேப்பரால சுத்தி, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு வச்சிருக்கன். முழுசா மூடின உலோகத்துக்குள்ள அந்த முதல் அடி லேசில போகாது, மூடி இடைவெளி விடாம இருக்கணும், அதுதான் முக்கியம். எங்கட கிணத்துட கொங்கிரீட்டை ஒரு பக்கத்தால வெட்டி மரப் பலகை மூடி போட்டன், கப்பியும் கயிறும் கட்டினன். பக்கத்து வீட்டு மாமி வந்து பாத்துட்டு "எங்கட கிணத்தையும் ஒருக்காத் திறந்து தாங்க மகன், உள்ள என்ன நிலைமையில இரிக்கோ" எண்டா, அது வாற சனிக்கிழமை.

மறுகா இன்சுலின். அம்மாட டொக்டரிட்டக் கேட்டன், திறந்து பாவிக்கிற போத்தலை 30 டிகிரிக்குக் கீழ வெளியில வச்சா 28 நாள் பாவிக்கலாம், திறக்காத போத்தலுக்குத்தான் பிரிட்ஜ் கட்டாயம் எண்டார். அப்ப முப்பதுக்குக் கீழ கொண்டு வரணும். எங்கட சித்திரை வெயில்ல அதுவே பெரிய வேலை. பெரிய மண்பானைக்குள்ள சின்ன மண்பானை, ரெண்டுக்கும் நடுவுல வாவி மணல், மணலை ஈரமா வச்சு, மேல நனைச்ச சாக்கு. மாமர நிழல்ல, காத்துப் படுற மூலையில வச்சன். அம்மா முதல் நாள் நம்பல்ல, ரெண்டாம் நாள் தானே போய்த் தண்ணி தெளிச்சா. கடையில இருந்த தெர்மோமீட்டரைக் கொண்டு வந்து உள்ள போட்டு வச்சிருக்கன், அம்மா கண்ணாடியப் போட்டுக்கொண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாத்துக் கொப்பியில எழுதுறா. நேத்துப் பின்னேரம் மூண்டு மணிக்கு வெளியில 33, பானைக்குள்ள 28.